ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி: பார்த்ததும் பட்டதும்

சிறுவாணித் தண்ணீர்:

போன மாதம் நானும் அம்மாவும் எட்டாவது படிக்கும் மகளும் கோவையிலிருந்து இரண்டு நாள் கொச்சி போய் வந்தோம். மால் கீல் எதுவும் வேண்டாம், ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் மட்டும் போதும் என்று கிளம்பும்போதே பேச்சு. மகள் ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தாள்: டச்சு அரண்மனைச் சுவரோவியம், யூதர் ஜெபக்கூடம், சீன வலை, கதகளி. அதில் முதல் இரண்டையும் நாங்கள் பார்க்கவில்லை. அந்தத் தாளில் இல்லாத ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தோம். அதை எழுதுகிறேன். உங்களுக்கும் அங்கே ஏதாவது வாய்த்திருந்தால் கீழே எழுதுங்கள்.

எர்ணாகுளம் ஹைகோர்ட் துறையில் வாட்டர் மெட்ரோ ஏறினோம். பேட்டரிப் படகு, ஏசி, சுற்றிலும் கண்ணாடி. மகளுக்கு ஏகக் குஷி. அம்மா மட்டும், "காத்தே வரலையே, இதென்ன படகு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். திரும்பும்போது அவருக்காகவே அரசின் பழைய படகில் வந்தோம். ஆளுக்குப் பத்து ரூபாய்கூட ஆகவில்லை, காற்றும் உப்புத் தண்ணீரும் தாராளமாக முகத்தில் அடித்தது.

நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு அன்றுதான் விடுமுறை. சரி, பக்கத்துச் சந்துதானே என்று ஜெபக்கூடத்துக்கு நடந்தால், வெள்ளி மதியத்தோடு அதையும் மூடிவிடுவார்களாம், சனிக்கிழமை முழுக்கவே கிடையாது. அரண்மனை 1555-ல் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தது, 1663-ல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை ஆனது என்று பள்ளிக்கூடப் போட்டிக்குப் போல மனப்பாடம் செய்து வந்திருந்த மகள், அதை எல்லாம் பூட்டிய கேட்டிடம் ஒப்பித்துவிட்டு வந்தாள். வெள்ளி, சனிதான் வசதி என்று திட்டம் போட்ட புத்திசாலி நான்.

அப்புறம் ஓர் ஆட்டோ. ஓட்டுநர் முதலில் ஒரு மசாலாக் கடை வாசலில் இறக்கினார். வாங்க வேண்டாம், பத்து நிமிடம் உள்ளே சுற்றிவிட்டு வந்தால் போதும், எனக்குக் கமிஷன் கிடைக்கும் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. ஏலக்காய் விலை பிடிக்கவில்லை. வெளியே வந்ததும், "நீங்க தமிழா? அப்போ ஓர் இடம் காட்டுறேன்" என்று 'வெளி' என்ற பகுதியில் இருக்கும் மைதானம் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார்.

அதுதான் டோபி கானா, துணி வெளுக்கும் இடம். வெளியில் இருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே போனால் வரிசையாகச் சிறுசிறு தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, ஒரு துவைகல். ஈரத் துணி கல்லில் விழும் சத்தம் ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. பின்னால் திறந்த வெளி முழுக்கக் கொடிகள். ஆஸ்பத்திரிப் பச்சை, ஹோட்டல் படுக்கை விரிப்பின் வெள்ளை, யாருடையதோ பட்டு வேட்டி. ஒரு கொடியிலும் கிளிப் இல்லை. இரண்டு கயிற்றை ஒன்றோடு ஒன்று முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கைப் பிரித்துத் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். கடற்காற்று அப்படி அடிக்கிறது, ஒன்றுகூட விழவில்லை. அம்மா அந்தக் கயிற்றின் கீழேயே நின்றுவிட்டார்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்ததும் நிமிர்ந்து, "எந்த ஊரும்மா?" என்றார். அம்மா பதில் சொல்லாமல், "என்னங்க, நீங்க தமிழ் பேசுறீங்க!" என்றார்.

"வீட்டுல தமிழ்தாம்மா. வெளிய மலையாளம். பேரப் பிள்ளைங்க ரெண்டையும் கலந்துதான் பேசுதுங்க. டச்சுக்காரன் காலத்துல பட்டாளத்துத் துணி வெளுக்க எங்க ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தான்னு எங்க தாத்தா சொல்லுவாரு."

வண்ணார் குடும்பங்கள். இன்றும் அவர்களுடைய சங்கம்தான் அந்த இடத்தை நடத்துகிறது. பெரியவர் கையில் இருந்த இஸ்திரிப் பெட்டியை மகள் தூக்கிப் பார்த்தாள். இரண்டு கையாலும் முடியவில்லை. "உள்ள சிரட்டைக் கரி, பாப்பா" என்றார். மகளுக்குப் புரியவில்லை. "தேங்காத் தொட்டிடி" என்றார் அம்மா. அந்த வார்த்தையைக் கேட்டுப் பெரியவர் சிரித்த சிரிப்பு! பிறகு அம்மாவும் அவரும் கஞ்சி பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அரிசிக் கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், நீலம் எப்போது போட வேண்டும், பாலியஸ்டர் வந்து எல்லாம் எப்படிக் கெட்டுப்போனது என்று. முக்கால் மணி நேரம். ஆட்டோக்காரர் மூன்று முறை ஹாரன் அடித்தார்.

தங்கள் வேலையைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று வண்டியில் ஏறிய பிறகுதான் எனக்குத் தோன்றியது. நாங்கள் படம் எடுக்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

ரயில் பைத்தியம்:

நீங்கள் சீன வலை இழுக்கவில்லையா? நான் இழுத்தேன். இழுத்து ஏமாந்தேன்.

கரையில் நடந்துபோனால் மேடையில் நிற்பவர்கள், "வாங்க சார், ஒரு கை பிடிங்க" என்று கூப்பிடுவார்கள். தேக்கும் மூங்கிலும் கட்டிய பெரிய நெம்புகோல்தான் அது. ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிறு கயிறாகத் தொங்கும் பாறாங்கற்கள். கற்கள் இறங்கினால் வலை ஏறும். நாலைந்து பேர் சேர்ந்துதான் இழுக்க வேண்டும். நானும் என் மச்சானும் உயிரைக் கொடுத்து இழுத்தோம். வலையில் வந்தது கைவிரல் நீளத்தில் நாலு மீன், ஒரு செருப்பு, ஒரு கூடை ஆகாயத்தாமரை. மேடையை விட்டு இறங்கும்போது ஆளுக்கு நூறு ரூபாய் கேட்டார்கள். மச்சான் சண்டைக்கே போய்விட்டான்.

அப்போது எனக்கும் கோபம்தான். பிறகு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அந்த வலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இறக்கி ஏற்றினார்கள், பத்துப் பன்னிரண்டு முறை. மொத்தமாக ஒரு சட்டி மீன் தேறியிருக்காது. அதை நாலைந்து குடும்பம் பங்கு போட வேண்டும். பழுதாகும் மரத்தையும் கயிற்றையும் வேறு மாற்ற வேண்டும். நூறு ரூபாய் கேட்டது தப்பில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்பதுதான் இப்போது என் கட்சி. மச்சான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பாலக்காட்டு மருமகள்:

பிறந்தது தஞ்சாவூர், வாழ்க்கைப்பட்டது பாலக்காடு. நாத்தனார் கொச்சியில், தோப்பும்படியில் இருப்பதால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது போவோம். கதகளி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆட்டம் ஆறு மணிக்கு என்றால் ஐந்து மணிக்கே போய் உட்காருங்கள். எனக்கு ஆட்டத்தைவிட ஒப்பனைதான் பெரிது. இதைச் சொன்னால் என் மாமனார் அடிக்க வருவார். ராத்திரி முழுக்க நடக்கும் கதகளியைக் கோயில் முற்றத்தில் பார்த்தே வளர்ந்தவர் அவர். ஒரு மணி நேரக் கதகளியை "சாம்பிள் பாக்கெட்" என்பார்.

ஒப்பனை மேடையிலேயே நடக்கும். ஆடுபவர் முதலில் தானே கண்ணாடி பார்த்துக் கோடு இழுத்துக்கொள்வார். மனையோலை என்ற மஞ்சள் கல்லை அரைத்து அதில் நீலம் சேர்த்தால் பச்சை. அந்தப் பச்சை முகம் வந்தால் நல்லவன், ராஜா, கடவுள். அப்புறம் பாயில் மல்லாந்து படுத்துவிடுவார். சுட்டி என்ற வெள்ளை விளிம்பை வைப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து, தாடை ஓரமாக அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து அடுக்கடுக்காக வைத்து, வெட்டிய காகிதத்தை ஒட்டுவார். அந்த நேரத்தில் ஆடுபவர் தூங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். லேசான குறட்டை. அதே ஆள் எழுந்து பீமனாகக் கண்ணை உருட்டும்போது என் சின்னவன் அலறினான்.

கண் சிவப்பு எப்படி வருகிறது என்று கேட்டேன். சுண்டைப் பூவில் எடுத்த சின்னத் துணுக்கை நன்றாகத் தேய்த்து இமைக்குள் வைத்துக்கொள்வார்களாம். வலிக்காதா என்றதற்கு அந்தக் கலைஞர் பதில் சொல்லவில்லை, "வலி" என்பதற்கு முத்திரை பிடித்துக் காட்டினார். கிண்டல்தான்!

நெல்லை வாத்தியார்:

இரண்டு விஷயம். ஒன்று, புனித பிரான்சிஸ் தேவாலயத்தை யாரும் எழுதவில்லையே. வாஸ்கோ ட காமா 1524-ல் கொச்சியில் இறந்து அங்கேதான் புதைக்கப்பட்டார், எலும்புகளைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாரும் அந்த வெற்றுக் கல்லறையைச் சுற்றி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். நிமிர்ந்து பாருங்கள். நீளமான துணி விசிறிகள் வரிசையாகத் தொங்கும். அவற்றின் கயிறு வெளியே போகும். உள்ளே பிரசங்கம் நடக்கையில் வெயிலில் ஓர் ஆள் உட்கார்ந்து அதை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவனுக்கு அங்கே கல் எதுவும் இல்லை.

இரண்டாவது, பினாலே என்ற கலைக் கண்காட்சி. 2012 டிசம்பர் 12-ல் தொடங்கியது, சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. எனக்கு இந்த நவீன ஓவியம், இன்ஸ்டலேஷன் எல்லாம் ஆகாது. ஒரு கிழிந்த சாக்கைத் தொங்கவிட்டு அதன் பக்கத்தில் ஒரு பக்கம் விளக்கம் எழுதியிருப்பான். என் மகன்தான் இழுத்துக்கொண்டு போனான், 2017 ஜனவரியில், ஆஸ்பின்வால் ஹவுஸுக்கு. கடலோரம் இருந்த பழைய வணிக நிறுவனத்தின் கிடங்கும் ஆபீசும் அது. ஒரு பெரிய கூடம் முழுக்கக் கடல் தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கச் சொன்னான். முட்டி வரை தண்ணீர். சுவர்களில் சில வரிகள் மட்டும். கடைசிச் சுவர் வரை நடந்துதான் போக வேண்டும், வேகமாகப் போக முடியாது, தண்ணீர் காலைப் பிடிக்கும்.

சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரிட்டா செய்தது. சிரியாவிலிருந்து தப்பி வரும்போது 2015-ல் கடலில் மூழ்கி, கரையில் குப்புறக் கிடந்த சிறுவனின் படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவனுடைய அண்ணன் காலிப்பும் அதே படகில் போய் இறந்தான். அவன் படம் உலகம் முழுக்கப் போகவில்லை. அவனுக்காகத்தான் அந்தக் கூடம். நான் வெளியே வந்து வேட்டியைப் பிழியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். மற்ற அறைகளைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

ரயில் பைத்தியம்:

வாத்தியார் ஐயா, சாக்கு விஷயத்தில் நான் உங்கள் பக்கம்.

டிசம்பர் கடைசியில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 31-ஆம் தேதி நள்ளிரவு பப்பாஞ்ஞியைக் கொளுத்துவார்கள். கோட்டு சூட்டு, வெள்ளைத் தாடி வைத்த பிரம்மாண்டமான கிழவன் பொம்மை, போகிற வருடத்தின் உருவம். பெயர் போர்த்துகீசிய வழியாக வந்தது என்பார்கள். பெரியதைவிட எனக்குப் பிடித்தது சந்துகளில் பையன்கள் வைக்கோலும் பழைய பேண்டும் வைத்துக் கட்டும் குட்டிப் பப்பாஞ்ஞிகள். ஒன்றுக்கு யாரோ மூக்குக் கண்ணாடி போட்டு, மடியில் மின் கட்டண ரசீதை வைத்திருந்தார்கள். ஆனால் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். கொளுத்தி முடித்து எல்லாரும் ஒரே நேரத்தில் படகுத்துறைக்குப் போனோம். நான் எர்ணாகுளம் லாட்ஜில் படுத்தபோது விடிந்துவிட்டது. அன்று இரவு அந்தக் கரையிலேயே அறை எடுத்துவிடுங்கள், குழந்தைகளைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

சிறுவாணித் தண்ணீர்:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, அந்த விசிறிகளுக்குக் கீழேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம், கயிறு எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. பாலக்காட்டு அக்கா, நாங்கள் கதகளிக்கு ஐந்தே முக்காலுக்குப் போனோம், சுட்டி எல்லாம் முடிந்திருந்தது. குறட்டையைத் தவறவிட்டுவிட்டோம். அடுத்த முறை திங்கள், செவ்வாயில்தான் போவோம்.

அம்மா ஊருக்கு வந்த மறுநாளே மொட்டை மாடியில் இருந்த கிளிப்புகளை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டு, இரண்டு தேங்காய் நார்க் கயிற்றை முறுக்கிக் கொடி கட்டினார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாயந்திரம் வந்தது. என் நைட்டி இப்போது எதிர் வீட்டுத் தென்னை மரத்தில் இருக்கிறது. முறுக்கு போதவில்லை, பெரியவரிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டு வர வேண்டும் என்கிறார்.