எந்த இங்கிலீஷ் வினைச்சொல் உங்களுக்கு எங்கே விளங்கியது?

நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். கிளம்புவதற்கு முன்னால் ஓ.இ.டி. என்ற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்கு ஆறு மாதம் விழுந்து விழுந்து படித்தேன். வாமிட், ஃபெயின்ட், யூரினேட் என்று வினைச்சொற்கள் எல்லாம் அர்த்தத்தோடு நோட்டில் இருந்தன. வார்டில் முதல் வாரம் அவற்றில் ஒன்றைக்கூட நோயாளிகள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

எண்பது வயதுப் பாட்டி ஒருவர். இடுப்பு ஆபரேஷன் முடிந்த மறுநாள். என் கையைப் பிடித்து, 'ஐயம் கோயிங் டு பி சிக்' என்றார். சிக் என்றால் உடம்புக்கு முடியாமல் போவது என்றுதானே நமக்குத் தெரியும்? 'ஒன்றும் ஆகாது, சீக்கிரம் சரியாகிவிடும்' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு நின்றேன். அதற்குள் போர்வை முழுக்க வாந்தி. 'வாந்தி வருகிறது' என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்த நிலையிலும் அவர்தான் 'சாரி, சாரி' என்றார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

அன்று ராத்திரியே நோட்டை மாற்றினேன். இந்தப் பக்கம் சொல், அந்தப் பக்கம் அர்த்தம் என்று எழுதுவதை விட்டேன். யார், எந்த நிலையில், என்ன சொன்னார் என்று முழு வாக்கியமாகவே எழுதினேன். வலி மருந்து 'வேர் ஆஃப்' ஆகிறது என்றால் அதன் வேகம் இறங்கி வலி திரும்புகிறது. 'கம் ரவுண்ட்' என்றால் மயக்கம் தெளிவது. 'பாஸ் வாட்டர்' என்றால் சிறுநீர் கழிப்பது. 'பாஸ் அவுட்' என்று நம் ஊரில் காலேஜ் முடித்தவர்களைச் சொல்வோம், இங்கே மயங்கி விழுவது. 'பாஸ் அவே' என்றால் உயிர் போய்விட்டது. ஷிஃப்ட் மாறும்போது இந்த இரண்டில் ஒன்றை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வரப்போகிற தங்கைகளே, பாஸ் என்ற சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள்.

*

அக்கா சொன்னது அப்படியே உண்மை. திருச்சியில் பத்து வருஷமாக டியூஷன் எடுக்கிறேன். சி. கே. ஆக்டன் என்ற ஆங்கிலேயர் 1930இல் பிற மொழிக்காரர்கள் சுலபமாகப் படிக்க 'பேசிக் இங்கிலீஷ்' என்று சுருக்கிய ஆங்கிலம் ஒன்றைக் கொண்டுவந்தார். மொத்தமே 850 சொற்கள். அதில் வினைச்சொல் 18 மட்டும்தான்: கம், கோ, கெட், கிவ், புட், டேக் இந்த மாதிரி. என்டர் வேண்டாம், கோ இன் போதும் என்பது அவர் கணக்கு. ஆனால் கிவ் தெரியும், அப் தெரியும் என்பதற்காக 'கிவ் அப்' என்றால் கைவிடுவது என்று ஒரு பிள்ளைக்குத் தானாக வந்துவிடுமா? வராது. சொல்லின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, படிக்கிறவனின் சுமை குறையவில்லை என்பது என் எண்ணம்.

நம் 'போடு'வையே பாருங்கள். சட்டை போடு, கோலம் போடு, சண்டை போடு, டீ போடு, ஃபேன் போடு. ஐந்துக்கும் பிள்ளைகள் 'புட்' என்றே எழுதுவார்கள். இங்கிலீஷில் வேர், ட்ரா, ஃபைட், மேக், ஸ்விட்ச் ஆன் என்று ஐந்தும் வேறு வேறு. இப்போது புது வினைச்சொல் எதையும் தனியாகக் கரும்பலகையில் எழுதுவதில்லை. 'கோலம்' என்று எழுதி, அதற்கு எந்த வினை சேரும் என்று கேட்கிறேன்.

*

நானும் சொல்றேன். சிங்கப்பூர்ல ஒரு வீட்ல வேலை செய்யறேன், எட்டாவது வரைதான் படிச்சேன். நோட்டு எதுவும் இல்லை. துணியை வாளியில ஊற வைக்கும்போது 'சோக்', கறையைத் தேய்க்கும்போது 'ஸ்க்ரப்', நல்ல தண்ணியில அலசும்போது 'ரின்ஸ்', பிழியும்போது 'ரிங்'. கை செய்யறப்பவே வாயும் சொல்லும். அப்படிப் படிச்சது ஒண்ணுகூட மறக்கலை.

தாளிக்கிறதுக்கு மட்டும் சொல் கிடைக்கலை. யாரோ 'டெம்பர்'னு சொன்னாங்க, அதை மேடம்கிட்ட சொன்னா, 'யாருக்குக் கோபம்?'னு கேட்டாங்க. அவங்களை அடுப்புப் பக்கத்துல நிறுத்தி, எண்ணெய் காய்ஞ்சதும் கடுகு போட்டு வெடிக்கவிட்டு, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டுக் காட்டினேன். இப்ப சாம்பார் இறக்கற நேரம் அவங்களே வந்து, 'தாளி?'னு கேக்கறாங்க.