பழைய அமெரிக்கன் டாப் 40 மறுஒலிபரப்பு: 40-ல் ஆரம்பிக்காமல் 30-ல் ஆரம்பிப்பது ஏன்?

கொலம்பஸ்_குமரன்

வணக்கம். அந்த வாரத்து முன்னணிப் பாட்டுகளை 40-ம் இடத்திலிருந்து முதலிடம் வரை எண்ணிக்கொண்டு வருமே, கேசி கேசம் நடத்திய அமெரிக்கன் டாப் 40 என்ற வானொலி நிகழ்ச்சி, அந்தப் பழைய நிகழ்ச்சிகளை இப்போது மறுபடி ஒலிபரப்புகிறார்களே, அதைக் கேட்பவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எங்கள் ஊரில் பழைய பாட்டு போடும் ஒரு எஃப்எம்மில் சனிக்கிழமை காலை எழுபதுகளில் ஒரு வாரம், ஞாயிறு காலை எண்பதுகளில் ஒரு வாரம் என்று போடுகிறார்கள். சாம்பாருக்குக் காய் நறுக்கும்போது சும்மா ஓடட்டும் என்று வைத்ததுதான், இப்போது சனிக்கிழமை யாராவது கூப்பிட்டால் பன்னிரண்டு மணிக்கு மேல் வருகிறோம் என்று சொல்லும் அளவுக்கு முற்றிவிட்டது. நான் இந்த நாட்டுக்கு வந்ததே 2001-ல், அதனால் மலரும் நினைவுகள் என்று எதுவும் கிடையாது, பாதிப் பாட்டு இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

சில சந்தேகங்கள். எழுபதுகளின் நிகழ்ச்சி ஒழுங்காக 40-ல் தொடங்குகிறது. எண்பதுகளின் நிகழ்ச்சி பல நாள் 30-க்குப் பக்கத்தில் தொடங்குகிறது, மீதிப் பத்துப் பாட்டு எங்கே போனது? அப்புறம் நடுவில் வேறொருவர் குரலில் 'எக்ஸ்ட்ரா' என்று அறிவித்து, பட்டியலிலேயே இல்லாத ஒரு பாட்டு வருகிறது. அது என்ன கணக்கு? கடைசியாக, ஒரு வாரம் 1983 போட்டால் அடுத்த வாரம் 1986-க்குத் தாவிவிடுகிறார்கள், வரிசையாக வாரம் வாரமாகக் கேட்க வழி உண்டா?


டெட்ராய்ட்_சுந்தர்

தம்பி குமரன், நல்ல வியாதிதான் பிடித்திருக்கிறது, மருந்து கிடையாது. நான் 1979-ல் மாணவனாக வந்து இறங்கியதிலிருந்து கேட்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1970 ஜூலை 4-ம் தேதி வாரக்கடைசியில் இந்த நிகழ்ச்சி தொடங்கியபோது மூன்று மணி நேரம்தான், எடுத்துப் போட்டவையும் ஏழே ஏழு நிலையங்கள். பில்போர்டு பத்திரிகையின் ஹாட் 100 பட்டியலில் முதல் நாற்பதைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வருவார்கள். போகப் போகப் பாட்டுகள் நீண்டுவிட்டன, டிஸ்கோ வேறு வந்துவிட்டது. மூன்று மணி நேரத்தில் நாற்பதையும் அடக்கக் கத்தரி போட்டுப் போட்டு அலுத்து, 1978 அக்டோபரில் நான்கு மணி நேரமாக்கினார்கள். இன்றைக்கு எந்த நிலையம் வாரக்கடைசியில் நான்கு மணி நேரத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கும்? அதனால் விநியோகிக்கும் பிரீமியர் நெட்வொர்க்ஸ் எண்பதுகளின் நிகழ்ச்சியை மூன்று மணி நேரமாகவும் கொடுக்கிறது, அதில் முதல் மணி நேரம் இருக்காது. உன் பத்துப் பாட்டு போன இடம் அதுதான். நான்கு மணி நேரமும் போடும் நிலையங்கள் உண்டு, பெரும்பாலும் சின்ன ஊர் நிலையங்கள், அவற்றின் இணையதளத்திலேயே நேரலை கேட்கலாம். ஐஹார்ட் என்ற வானொலிச் செயலியில் இதற்கென்றே ஒரு சேனலும் இருக்கிறது, நாள் முழுக்க ஓடும். இந்தியாவிலிருந்து கேட்கும் நண்பர்களுக்கு மட்டும் அந்தச் செயலி கைகொடுக்காது.

எக்ஸ்ட்ரா விஷயம் இன்னும் எளிது. அசல் நிகழ்ச்சியில் உள்ளூர் விளம்பரத்துக்காக விட்ட இடைவெளிகள் அப்படியே இருக்கின்றன. அந்த இடத்துக்கு விளம்பரம் கிடைக்காத நிலையம் என்ன செய்யும், அதே காலத்துப் பாட்டு ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொள்ளும். அதைத் தனியாகச் செய்து கொடுக்கிறார்கள், அதனால்தான் குரல் வேறு. சொல்லப்போனால் எக்ஸ்ட்ரா வந்தால் சந்தோஷப்படு, இல்லாவிட்டால் அந்த இடத்தில் முழங்கால் வலி மருந்து விளம்பரம்தான் வரும். 1976-ம் வருஷத்துப் பாட்டுக்கும் அதற்கடுத்த பாட்டுக்கும் நடுவில் முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பற்றி ஒருவர் மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்டால் நேயர்களுக்கு என்ன வயது என்று நிலையத்தார் நினைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

வரிசையாகக் கேட்பதுதான் கஷ்டம். காலண்டரைப் பார்த்துத்தான் போடுவார்கள், இது ஜூலை இரண்டாம் வாரம் என்றால் ஏதோ ஒரு வருஷத்து ஜூலை இரண்டாம் வாரம் வரும், அவ்வளவுதான்.


நித்யா_ஸ்கார்பரோ

கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. அந்தந்த வாரத்துப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது, பாட்டெல்லாம் ஸ்பாட்டிஃபையில் இருக்கிறது. ஒரு வாரத்தை எடுத்து நானே பிளேலிஸ்ட் போட்டுப் பார்த்தேன், விளம்பரம் இல்லை, பேச்சு இல்லை, பிடிக்காததைத் தள்ளிவிடலாம். முதல் இடம் எது என்று முன்பே தெரிந்த ஒன்றுக்காக மூணு நாலு மணி நேரம் உட்காருவது ஏன்?


கேசட்_கண்ணன்

நித்யா, பிடிக்காததைத் தள்ளிவிடலாம் என்றீர்களே, சிக்கலே அங்கேதான். 36-ம் இடத்தில் ஒரு அசட்டுப் பாட்டு இருக்கும், அதைக் கேட்டே ஆகவேண்டும். பின்னாளில் நிலைத்த பாட்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் 1976 என்பது ஏதோ பொற்காலம் மாதிரி தெரியும். முழுப் பட்டியலையும் கேட்டால்தான் அந்த வாரம் ஜனங்கள் காசு கொடுத்து என்னென்ன குப்பையை வாங்கினார்கள் என்பதும் தெரியும். நாட்டுப்புறப் பாட்டு, சோல், லாரி ஓட்டுநர்களின் வயர்லெஸ் பேச்சை வைத்து ஒரு பாட்டு, பக்கத்திலேயே டிஸ்கோ, எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். இன்றைக்கு எந்த நிலையமும் இப்படிக் கலந்து போடாது.

இரண்டாவது, கேசி. விளம்பரத்துக்குப் போகுமுன் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போவார், இன்ன ஊரில் இன்ன வேலை பார்த்த ஒருவர் எப்படிப் பாடகரானார், அவர் யார் என்பதை வந்து சொல்கிறேன் என்று. திரும்பி வந்ததும் பேரைச் சொல்லமாட்டார். கதையை இன்னும் கொஞ்சம் இழுப்பார், பாட்டின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்கும், பாடகர் வாயைத் திறப்பதற்குச் சரியாக அரை வினாடி முன்னால் பேரும் எண்ணும் வந்து விழும். எழுதி வைத்துக்கொண்டு படிப்பவர்தான், ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆளிடம் சொல்வது போலிருக்கும். நீங்கள் அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள், ஸ்கூபி-டூ கார்ட்டூனில் ஷேகி அவர்தான். சைவ உணவுக்காரர், அதற்காக ஷேகியும் சைவமாக இருக்கவேண்டும் என்று சண்டை போட்டவர். 1978-லிருந்து நேயர் கடிதத்தைப் படித்து, அவர் கேட்ட பாட்டைத் தூரத்தில் இருக்கும் ஒருவருக்குப் போடும் பகுதியும் சேர்ந்தது. சில கடிதங்கள் கொஞ்சம் ஓவர்தான், அந்த இடத்தில் நான் காபி போடப் போய்விடுவேன்.

குமரன் கேட்ட கடைசிக் கேள்விதான் எனக்கும் குறை. இந்தப் பட்டியலின் ருசி ஒரு வாரத்தில் இல்லை, வாரம் மாறும்போதுதான் இருக்கிறது. உதாரணம் சொல்கிறேன். 1981 நவம்பரில் ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிக்கல்' முதலிடத்துக்கு வந்து பத்து வாரம் அசையவில்லை. அதற்கு அடுத்த வாரம் ஃபாரினர் குழுவின் பாட்டு ஒன்று இரண்டாம் இடத்துக்கு வந்தது. ஒன்பது வாரம் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே இரண்டிலேயே நின்றது. 1982 ஜனவரி கடைசியில் 'ஃபிசிக்கல்' ஒருவழியாக இறங்கியது, சரி இனி இவர்கள்தான் என்று பார்த்தால் ஹால் அண்ட் ஓட்ஸ் கீழேயிருந்து தாண்டி முதலிடத்தில் போய் உட்கார்ந்தார்கள். ஃபாரினருக்கு மறுபடி இரண்டு. பத்து வாரம் இரண்டிலேயே நின்றுவிட்டு இறங்கிப் போனது. மறுஒலிபரப்பில் இதில் ஒரே ஒரு வாரம் வரும், 'இரண்டாம் இடத்தில் ஃபாரினர்' என்பது வெறும் தகவலாகப் போய்விடும். வயிற்றெரிச்சல் இல்லாமல் இதைக் கேட்டு என்ன பிரயோஜனம்?

அதனால் நான் செய்வது: ஒரு நோட்டில் வருஷவாரியாகப் பட்டியலை எழுதி வைத்திருக்கிறேன், எந்த வாரம் ஒலிபரப்பாகிறதோ அதற்கு முந்தைய நாலு வாரப் பட்டியலையும் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருவேன். ஏறுகிறவன் யார், இறங்குகிறவன் யார் என்று தெரிந்துவிட்டால் பாதி சுவாரசியம் திரும்பிவிடும்.

இன்னொன்று, அந்தக் காலத்துப் பட்டியல் நிதானமாக ஏறி இறங்கியதற்குக் காரணம் கணக்கெடுத்த விதம். கடைகளும் வானொலி நிலையங்களும் எது நன்றாகப் போகிறது என்று வாயால் சொன்னதை வைத்துப் போட்டார்கள். 1991 நவம்பரில் ஹாட் 100-க்குக் கடையின் பார்கோடு விற்பனைக் கணக்கும், வானொலியில் எது எத்தனை முறை ஓடியது என்று கருவி எடுத்த கணக்கும் வந்தன, அதிலிருந்து பாட்டுகள் நேரே மேலே வந்து குதிக்க ஆரம்பித்தன. துல்லியம் கூடியது, ஏணி போய்விட்டது. பழைய முறையில் தில்லுமுல்லு இருந்திருக்கும், இருந்தாலும் கேட்பதற்கு அதுதான் நன்றாக இருந்தது என்பேன்.


மாட்டுங்கா_மாமா

நீங்களெல்லாம் அமெரிக்காவைப் பேசுகிறீர்கள், எங்களுக்கு இதெல்லாம் கொழும்பிலிருந்து வந்தது. பம்பாயில் வளர்ந்த தமிழன் நான், புதன்கிழமை இரவு எட்டு மணி என்றால் பினாகா கீத்மாலா, இந்தி சினிமாப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் வானொலி நிகழ்ச்சி, நடத்தியவர் அமீன் சயானி. சிற்றலையில் 25 மீட்டரா 41 மீட்டரா, இன்றைக்கு எது இரையாமல் கேட்கிறது என்று என் அண்ணா முள்ளைத் திருகிக்கொண்டிருப்பான், அப்பா 'படிக்கிற பையனா இது' என்று சத்தம் போட்டுக்கொண்டே முதல் பாட்டு எதுவென்று தெரியும்வரை நகரமாட்டார்.

1952-ல் பி.வி.கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடம் இல்லாமல் போனது, ஜனங்கள் ரேடியோ சிலோனுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஆங்கிலத்தில் ஏற்கெனவே பினாகா ஹிட் பரேட் ஓடிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்து இந்தியில் தொடங்கியதுதான் இது, அந்த வருஷம் டிசம்பர் 3-ம் தேதி. முதலில் ஏழு பாட்டைப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லும் போட்டி, 1954-லிருந்துதான் தரவரிசை. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள், அது அங்கிருந்து சிற்றலையில் கிளம்பி மறுபடி பம்பாய்க்கே வரும்! 1989-ல் அகில இந்திய வானொலியின் விவித் பாரதிக்கு மாறியது.

சுந்தர் சாருக்கு என் கேள்வி. உங்கள் நிகழ்ச்சி மட்டும் வாரம் தப்பாமல் எப்படிப் பிழைத்தது? கீத்மாலாவை அந்த மாதிரி முழு வாரமாகக் கேட்க நானும் தேடாத இடமில்லை, துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது.


நித்யா_ஸ்கார்பரோ

மாமா, எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பழைய பாட்டுகளை ஏற்றி விற்கும் சரிகம காரவான் பெட்டி இருக்கிறது, அதில் அமீன் சயானி கீத்மாலா என்றே ஒரு பகுதி உண்டே?

கண்ணன் அண்ணா, ஃபாரினர் கதைக்கு நன்றி. பிளேலிஸ்ட்டில் இது தெரியவே தெரியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். 36-ம் இடத்து அசட்டுப் பாட்டை மட்டும் மன்னிக்கமாட்டேன்.


டெட்ராய்ட்_சுந்தர்

நித்யா சொல்லும் பெட்டியில் இருப்பது சயானி பிற்காலத்தில் பழைய பட்டியல்களை வைத்துத் தொகுத்துப் பேசியது. குரல் அவருடையது, அனுபவித்துக் கேட்கலாம், ஆனால் 1961-ல் ஒரு புதன்கிழமை எப்படி இருந்தது என்பதை அது காட்டாது.

மாமா கேட்டதற்குப் பதில் தபால்தான். கேசி நிகழ்ச்சியை லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்து, இசைத்தட்டாக அச்சடித்து, வாரா வாரம் ஒவ்வொரு நிலையத்துக்கும் பார்சல் அனுப்பினார்கள். பக்கத்துக்கு அரை மணி நேரம், மூன்று மணி நிகழ்ச்சிக்கு மூன்று தட்டு, நான்கு மணியானதும் நான்கு. கூடவே எந்த நிமிஷத்தில் எந்தப் பாட்டு, எங்கே விளம்பரம் என்று ஒரு தாள். ஒலிபரப்பி முடித்ததும் அந்தத் தட்டுக்கு வேலை இல்லை, குப்பைக்குப் போகவேண்டியதை எத்தனையோ நிலைய ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். நூற்றுக்கணக்கான ஊர்களுக்குப் போனதால் ஒரு ஊரில் தொலைந்தாலும் இன்னொரு ஊரில் இருக்கும். ஒரே நாடா கொழும்புக்குப் போனதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சேகரிப்பவர்கள் இன்றும் அந்தத் தட்டுகளை விலைக்கு வாங்குகிறார்கள். நாம் இப்போது கேட்பது சுத்தம் செய்த ஒலி, சில வாரங்களில் காதை வைத்துக் கேட்டால் கீறல் சத்தம் லேசாக வரும், எனக்கு அது பிடிக்கும்.

கேசி 1988 ஆகஸ்டில் விலகினார், அடுத்து ஷேடோ ஸ்டீவன்ஸ் வந்தார், மறுஒலிபரப்பு தொகுப்பு கேசியோடு நின்றுவிடுகிறது. ஷேடோவை யாரும் கேட்கவில்லை என்று வருத்தப்படுகிற ஆள் நான் ஒருவன் மட்டும்தான் போலிருக்கிறது.


கொலம்பஸ்_குமரன்

எல்லோருக்கும் நன்றி. நான்கு மணி நேரம் முழுசாகப் போடும் ஒரு நிலையத்தைத் தேடிப் பிடித்துவிட்டேன், இரண்டு மாநிலம் தள்ளி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பம். அலாரம் வைக்கிறேன் என்றதும் வீட்டில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கண்ணன் சார், அந்த நோட்டில் 1985 இருந்தால் ஜூன் மாத நான்கு வாரத்தையும் போட்டோ எடுத்து இங்கே போட முடியுமா? இந்த ஞாயிறு அதுதான் வருகிறது.


கேசட்_கண்ணன்

இருக்கிறது, ராத்திரி போடுகிறேன். கையெழுத்து சுமார்தான். முதல் பத்தை மட்டும் மடித்து மறைத்து எடுக்கிறேன், ஞாயிறு பத்து மணிவரை பொறுத்துக்கொள்ளவும்.