'டெட்லாக்' கலைச்சொல்: முட்டுக்கட்டை வேண்டாம் என்பதற்கான காரணங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரெக்சிட் பற்றிய கட்டுரைக்காக, 'டெட்லாக்' (deadlock, எந்தப் பக்கமும் முடிவு எட்டாமல் நிற்பது) என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு சொல்லையும் 2019-இல் இலண்டனில் நடந்தவற்றின் அருகில் வைத்துப் பார்த்தேன். சொல் அழகாக இருந்தால் போதாது, அங்கே நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

பலரும் சொன்னது முட்டுக்கட்டை. நாளேடுகளில் பழகிய சொல்தான். ஆனால் முட்டுக்கட்டை தானாக வந்து விழுவதில்லை. வண்டி உருளாமலிருக்கச் சக்கரத்தடியில் ஒருவர் கொண்டுவந்து வைப்பது அது. அதனால்தான் 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்கிறோம். இந்தச் சொல்லைப் படித்ததும் வாசகர் மனம் 'யார் போட்டது?' என்று தேடத் தொடங்கிவிடும். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவையில் அப்படி ஒருவரைச் சுட்ட முடியாது.

அப்போதைய பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் ஜனவரி 15 அன்று 432-க்கு 202 என்று தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் ஒன்றியத்திலேயே இருக்க விரும்பியவர்களும் இருந்தார்கள். வட அயர்லாந்து எல்லைக்கான ஏற்பாட்டை ஏற்காமல், இன்னும் முழுமையாக விலக வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். எதிரெதிர்க் காரணங்களுக்காக ஒரே பக்கம் வாக்களித்தார்கள். மார்ச் 12-இல் 391-க்கு 242, மார்ச் 29-இல் 344-க்கு 286 என்று அதே ஒப்பந்தம் மீண்டும் இரண்டு முறை தோற்றது.

சரி, அரசின் வழி வேண்டாம் என்றால் வேறு எது வேண்டும்? அதை அவையே தன்னைக் கேட்டுக்கொண்டது. மார்ச் 27 அன்று எட்டு மாற்று வழிகளை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று அவற்றில் நான்கை மறுபடி எடுத்தார்கள். நான்கும் தோற்றன. சுங்க ஒன்றியத்தில் நீடிப்பது என்ற யோசனை வெறும் மூன்று வாக்கில் போனது, 273-க்கு 276. ஒப்பந்தம் இல்லாமல் விலகுவதையும் அவை ஏற்கவில்லை. எனக்கு இதுதான் இந்தக் கலைச்சொல்லின் உயிர்: எந்த வழியை முன்வைத்தாலும் அதற்கு எதிராக ஒரு பெரும்பான்மை இருந்தது, ஆதரவாக ஒன்றுமில்லை.

இதை வைத்துப் பார்த்தால் இழுபறியும் பொருந்தாது. இழுபறி என்றால் கயிற்றுக்கு இரண்டு முனை. இங்கே முனைகள் பல. ஏப்ரல் 3 அன்று, மாற்று வழிகளுக்கு இன்னொரு நாள் ஒதுக்கலாமா என்ற கேள்விக்கு 310-க்கு 310 என்று சமமாக விழுந்து, சபாநாயகர் ஜான் பெர்கோ மரபுப்படி எதிராகத் தன் வாக்கை அளித்தார். அந்த ஒரு வாக்கெடுப்பை மட்டும் இழுபறி எனலாம்.

முடக்கம் என்ற சொல்லுக்கு நான் கடுமையாகவே மறுப்புச் சொல்வேன். 'நாடாளுமன்றம் முடங்கியது' என்றால் இந்திய வாசகருக்குக் கூச்சலும் அமளியும் ஒத்திவைப்பும்தான் நினைவுக்கு வரும். காமன்ஸ் அவை அந்த வாரங்களில் முடங்கவில்லை. இரவு வரை அமர்ந்து விவாதித்து வாக்களித்துக்கொண்டே இருந்தது. அதோடு, அதே ஆண்டு செப்டம்பரில், மேக்கு அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் அரசு நாடாளுமன்ற அமர்வையே ஐந்து வாரத்துக்கு நிறுத்தி வைத்ததே, அதுதான் உண்மையான முடக்கம். அது செல்லாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட பதினோரு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். முடக்கம் என்ற சொல்லை அந்த நிகழ்வுக்கு விட்டுவைக்க வேண்டும்.

திரிசங்கு நிலை அழகான சொல். ஆனால் அது நாட்டின் நிலையைச் சொல்கிறது, அவையின் நிலையை அல்ல. தேக்கம் எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன என்றால் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்று பொருளாகிறது. இங்கோ எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துத்தான் தள்ளினார்கள். 'முடிவெட்டா நிலை' பொருளில் மிக நெருங்கி வருகிறது. ஆனால் செய்தி வாசிப்பவர் உரக்கப் படிக்கும்போது 'முடி வெட்டா நிலை' என்றே காதில் விழும்.

ஆகவே என் பரிந்துரை முடிவுகாணா நிலை. 'பேச்சில் முடிவு காணப்படவில்லை' என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ள தொடர். யார் மீதும் பழி போடாது, இத்தனை தரப்பு என்று கணக்கும் சொல்லாது.

அப்புறம், இதோடு ஒட்டிய இன்னொரு சொல். விலகலைத் தள்ளிப்போட்டதை 'பிரெக்சிட் ஒத்திவைப்பு' என்று எழுதலாம் என்று அம்மா ஒருவர் சொல்லியிருந்தார். அவை தன் கூட்டத்தைத் தானே ஒத்திவைக்கலாம்; விலகும் நாளை அப்படித் தள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றிய உடன்படிக்கையின் 50-ஆவது பிரிவுப்படி இரண்டாண்டுக் கெடு 2019 மார்ச் 29-இல் முடிய வேண்டும். அதை நீட்டிக்க மற்ற 27 நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும். நீட்டிப்புக் கேட்கச் சொல்லிப் பிரதமரைக் கட்டாயப்படுத்தும் மசோதா காமன்ஸ் அவையில் 313-க்கு 312 என்று ஒரே ஒரு வாக்கில்தான் நிறைவேறியது. அப்படியும் அது கேட்பதற்கான சட்டமே தவிர, நீட்டிப்பதற்கான சட்டம் அல்ல. தெரேசா மே கேட்டது ஜூன் 30 வரை. கிடைத்தது அக்டோபர் 31. அதனால் கெடு நீட்டிப்பு என்றே எழுதுவோம், 'கோரியது', 'அளித்தது' என்ற இரண்டு வினைகளையும் பிரித்தே ஆளுவோம். ஜான்சன் காலத்தில் 2020 ஜனவரி 31 வரை கெடு மறுபடி நீண்டபோதும் இதே முறைதான்.

'வெளியேற்றம்' என்பதையும் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். வெளியேற்றம் பிறர் செய்வது. பிரிட்டன் தானாகப் போனது, அது விலகல்.

ஒரு ஐயம் மட்டும் மீதி இருக்கிறது. எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாமல் 2017 தேர்தல் தந்த தொங்கு நாடாளுமன்றத்தையும் இந்த முடிவுகாணா நிலையையும் ஒன்றாக எண்ணி 'தொங்கு நிலை' என்று சிலர் எழுதுகிறார்கள். முதலாவது இருக்கைக் கணக்கு, இரண்டாவது வாக்கின் விளைவு. இரண்டும் வேறு என்று அடிக்குறிப்பு போட்டால் போதுமா, கட்டுரைக்குள்ளேயே ஒரு பத்தி வேண்டுமா? இலண்டனில் இருந்து அதை நேரில் பார்த்த நண்பர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அன்புடன்