1956 நவம்பர் 1: பழைய தாள் யாரிடமாவது இருக்கிறதா?

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் நவம்பர் 1-க்கு ஒரு சுவர்ப்பலகை வைக்கப் போகிறோம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

1956-ல் அந்த வியாழக்கிழமைதான் கேரளா பிறந்தது. ஆந்திரப் பிரதேசமும் அதே நாளில்தான். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவில் நின்றுவிட்டன. இதெல்லாம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

நம் பக்கத்துக் கதைதான் யாருக்கும் தெரிவதில்லை. அதுவரை பாலக்காடு மலபார் மாவட்டம், அதாவது சென்னை மாநிலம். பக்கத்திலேயே இருக்கும் நம் சித்தூர் தாலுகா பழைய கொச்சி ராஜ்ஜியம், அதாவது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். பாலக்காட்டுச் சந்தைக்குப் போன எங்கள் அப்பாரு மாநிலம் தாண்டித்தான் போயிருக்கிறார்! 1957 ஜனவரி 1-ல் பாலக்காடு மாவட்டம் உருவானபோதுதான் இரண்டும் ஒரே மாவட்டத்தில் சேர்ந்தன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

1956-க்கு முன்னும் பின்னும் எழுதிய நிலப்பத்திரம், வரி ரசீது, பள்ளிச் சான்றிதழ் எது இருந்தாலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பெயர், சர்வே எண்ணை மறைத்துவிடுங்கள், மாநிலப் பெயர் தெரிந்தால் போதும். அப்புறம், அந்த நாள் நினைவிருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் பேச வைத்துக் குரல் பதிவாக அனுப்புங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் 20-க்குள் கிடைத்தால் நல்லது.