டி155 செயின் டோசர்: சூடானதும் ஒன்றாம் கியரில் இழுவை இல்லை, லோடில் இடப்பக்கம் ஒதுங்குகிறது

கரம்பைமண்:
வண்டி கோமாட்சு டி155ஏ-1, பழசு. டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியே கியர் பாக்ஸுக்குக் கடத்துவது), பவர் ஷிப்ட் (ஆயில் பிரஷரால் கியர் கிளட்ச் பிடிப்பது). குவாரியில் மேல்மண் தள்ளும் வேலை. காலையில் பிளேடு நிறையத் தள்ளுது. ஆயில் சூடேறியதும் ஒன்றாம் கியரில் முன்னாலும் பின்னாலும் இழுவை செத்துப்போகுது. இன்ஜின் திணறவே இல்லை, ஆர்பிஎம் மேலே நிற்குது, செயின் நின்றுடுது. நிற்பதற்கு முன்னால் வண்டி இடப்பக்கம் ஒதுங்கும். லோடு இல்லாமல் ஓட்டினால் நேராகப் போகுது. சூட்டில் லீவர் போட்டால் பிடிக்க இரண்டு மூன்று வினாடி ஆகுது. ஆயில் லெவல் சரி, ஃபில்டர் புதுசு. மெக்கானிக் "கன்வெர்ட்டர் போயிடுச்சு, இறக்கணும்" என்கிறார். அதுக்கு முன்னால் வேறு என்ன பார்க்கலாம்?

பினியன்:
கன்வெர்ட்டரில் கை வைக்காதீங்க. நீங்க சொல்வதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிற மாதிரி தெரியுது. சூட்டில் இழுவை போவது ஒன்று, இடப்பக்கம் ஒதுங்குவது இன்னொன்று. தனித்தனியாகப் பாருங்க.

முதலில் ஃபில்டரும் காந்த ஸ்ட்ரெய்னரும். புது ஃபில்டர் போட்டாச்சுன்னா பழசைத் தேடிப் பிடிச்சு வெட்டிப் பாருங்க. அதைத் தூக்கி எறிவது எக்ஸ்ரே படத்தைத் தூக்கி எறிவது மாதிரி. பித்தளை நிறத்தில் பொடி இருந்தால் கிளட்ச் டிஸ்க் தேய்மானம். காந்தத்தில் ஒட்டாத வெள்ளைப் பளபளப்பு அலுமினியம். அது இருந்தால்தான் கன்வெர்ட்டருக்குள் இருக்கிற பிளேடு மேல் சந்தேகம். காந்தத்தில் இரும்புச் செதில் என்றால் கியர் அல்லது பேரிங். ரப்பர் துணுக்கு என்றால் சீல்.

அடுத்து ஸ்டால் டெஸ்ட், அதாவது வண்டியைப் பிரேக்கில் நிறுத்தி வைத்து முழு ஆக்சிலேட்டரில் இன்ஜின் ஆர்பிஎம் எவ்வளவு ஏறுதுன்னு பார்ப்பது. ஆயில் 70 முதல் 90 டிகிரிக்குள் வரணும். குளிர் ஆயிலில் எடுத்த ரீடிங் உங்க கோளாறைக் காட்டாது. சமதளம், பிளேடும் ரிப்பரும் தரையில், பிரேக் முழுசா மிதித்து லாக், முன்னும் பின்னும் ஆள் கூடாது. மூன்றாம் கியரில் போட்டு ஸ்டியரிங் லீவரைத் தொடாமல் முழு ஆக்சிலேட்டர். 20 வினாடிக்கு மேல் பிடிக்காதீங்க, கன்வெர்ட்டர் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால் உடனே விடுங்க. பிறகு நியூட்ரலில் நடு ஆர்பிஎம்மில் ஓட்டி ஆறவிட்டு, பின் மூன்றில் அதே மாதிரி. மூன்றாம் கியர் ஏன் என்றால், செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) திருப்பு விசை அதில் குறைவு, பிரேக் தாங்கும். ஒன்றாம் கியரில் இதைச் செய்தால் வண்டி பிரேக்கை இழுத்துக்கிட்டே நகரும்.

ஆர்பிஎம்மை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கன்வெர்ட்டருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் யுனிவர்சல் ஜாயின்ட் ஷாஃப்ட் இருக்கு. தரைத் தகட்டைத் திறந்து ஷாஃப்ட் முனைக் கவையில் (யோக்) வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்க. ஸ்டாலில் ஒருத்தர் பக்கவாட்டில் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்கணும். தோளில் துண்டு, தொங்குற சட்டை எதுவும் கூடாது.

கோடு அசையாமல் நின்று, ஆர்பிஎம் மேனுவல் அளவில் இருந்தால் கன்வெர்ட்டர், கியர் பாக்ஸில் அந்தத் திசைக்கான (முன் அல்லது பின்) கிளட்ச், மூன்றாம் வேகத்துக்கான கிளட்ச் எல்லாம் பிடிக்குதுன்னு அர்த்தம். கோடு நின்றும் ஆர்பிஎம் அதிகம் என்றால் கன்வெர்ட்டர், அல்லது அதுக்குப் போகும் ஆயில் பிரஷர். கோடு சுத்தினால் வழுக்கல் அதுக்குப் பின்னால்: கியர் பாக்ஸ் கிளட்ச் அல்லது ஸ்டியரிங் கிளட்ச் (ஒவ்வொரு பக்கச் செயினுக்கும் தனியாக இருப்பது). ஆர்பிஎம் அளவைவிடக் குறைவு என்றால் இன்ஜின் பலவீனம் அல்லது கன்வெர்ட்டர் ஸ்டேட்டர் கோளாறு. அது உங்க கேஸ் இல்லை.

செயின்ஷூ:
இடப்பக்கத்துக்கு நான் சொல்றேன். வெறும் வண்டியும் ஒதுங்கினால் பிரேக் பேண்ட் உரசுவது, செயின் டென்ஷன் வித்தியாசம் என்று போகலாம். லோடில் மட்டும் ஒதுங்குவதால் இடது ஸ்டியரிங் கிளட்ச் வழுக்கல்தான் முதல் சந்தேகம். இதில் டிஃபரன்ஷியல் கிடையாது. இடது கிளட்ச் வழுக்கினால் வலது செயின் தள்ளிக்கிட்டே போகும், மூக்கு இடப்பக்கம் திரும்பும்.

உறுதிப்படுத்த, பிளேடைக் கெட்டிக் கரையில் முட்டவிட்டு வலது லீவரை கிளட்ச் விடும் அளவுக்கு மட்டும் இழுங்க, பிரேக் வரை போகாதீங்க. இப்போ மொத்த லோடும் இடது கிளட்ச் மேல். இரண்டாம் கியரில் மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுங்க. மறுபக்கமும் அதே மாதிரி செய்து ஒப்பிடுங்க. இடது சீக்கிரம் வழுக்கினால் தீர்ந்தது.

ஆனால் உடனே டிஸ்க் வாங்காதீங்க. இந்த கிளட்ச் ஸ்ப்ரிங்கால் பிடிக்கும், ஆயில் பிரஷரால் விடும். லீவர் முழுசாத் திரும்பாமல் லிங்கேஜ் இறுகியிருந்தாலோ, வால்வுக்குள் நகரும் தண்டு (ஸ்பூல்) பாதியில் சிக்கியிருந்தாலோ, உள்ளே கொஞ்சம் பிரஷர் எப்போதும் தங்கி ஸ்ப்ரிங்கை எதிர்க்கும். லீவர் விட்ட நிலையில் இடது கிளட்ச் லைனில் கேஜ் போடுங்க. பூஜ்யம் காட்டணும். லீவரில் ஃப்ரீ ப்ளே இருக்கான்னு கையாலேயே தெரியும், அதை முதலில் பாருங்க.

பிஸ்டன்_ரிங்:
எந்த ஆயில் ஊத்தியிருக்கீங்க? நம்ம வெயிலுக்கு எஸ்ஏஈ 30 (கெட்டித்தன்மை எண்), சிடி தரம். ஹைட்ராலிக் ஆயில் 68 ஊத்தின வண்டிகள் சூட்டில் இப்படித்தான் வழுக்கும். பம்ப் இரைச்சலோ ஆயிலில் நுரையோ இருந்தால் சக்‌ஷன் பக்கம் காற்று இழுக்குது. வெளியே ஆயில் கசியாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. சக்‌ஷன் ஃபிளேஞ்சைச் சுத்தி கிரீஸ் தடவுங்க, சத்தம் மாறினால் ஓரிங் அங்கேதான் போயிருக்கு.

கியர் பாக்ஸ் மெயின் பிரஷருக்கு 60 கிலோ (சதுர செ.மீ.க்கு) கேஜ் போதும். சூட்டில், பிரேக் லாக்கோடு, குறைந்த ஆர்பிஎம்மில் நியூட்ரல், ஒவ்வொரு கியர், ஒவ்வொரு திசை என்று குறிச்சுக்கோங்க. எல்லா இடத்திலும் குறைவு என்றால் பம்ப், அல்லது பிரஷரை அளவோடு நிறுத்தும் ரிலீஃப் வால்வு. ஒரு கியரில் மட்டும் இறங்கினால் அந்த கிளட்சின் சீல் ரிங். குளிரில் ஆயில் கெட்டியா இருப்பதால் தேய்ஞ்ச ரிங்கும் தாங்கும். சூட்டில் இளகி நழுவிடும். ரிலீஃப் ஸ்ப்ரிங்குக்குப் பின்னால் வாஷர் போட்டு பிரஷர் ஏத்தலாம்னு யாராவது சொல்வாங்க, கேட்காதீங்க. மிச்சமிருக்கிற சீல் ரிங்கும் உடையும்.

கரம்பைமண்:
பார்த்தாச்சு. ஆயில் எஸ்ஏஈ 30தான், நுரை இல்லை. முன் மூன்று, பின் மூன்று இரண்டிலும் ஸ்டால் ஆர்பிஎம் மேனுவல் அளவுக்குள், பெயிண்ட் கோடு அசையலை. சூட்டில் நியூட்ரல், 2, 3 எல்லாத்திலும் ஒரே பிரஷர். முன் 1, பின் 1 இரண்டிலும் அதைவிட 6 கிலோ குறைவு. ஸ்ட்ரெய்னரில் பித்தளைப் பொடி, அலுமினியம் இல்லை. இடது ஸ்டியரிங் லைனில் லீவர் விட்ட பிறகும் 2 கிலோ நிற்குது.

பினியன்:
அப்போ கன்வெர்ட்டர் நல்லா இருக்கு. பம்பும் ரிலீஃபும் நல்லா இருக்கு, இல்லைன்னா 2, 3-லும் இறங்கியிருக்கும். இரண்டு திசையிலும் 1-ல் மட்டும் இறங்குவதால் திசை கிளட்சுகளும் இல்லை. மிச்சம் ஒன்றாம் வேக கிளட்ச். லீவர் போட்டதும் தாமதமாகப் பிடிப்பதும் அதோட சேர்ந்ததுதான், பிஸ்டன் நிரம்புவதற்குள் ஆயில் கசியுது.

ஸ்டியரிங்கை முதலில் முடிங்க, அதுக்கு எதையும் இறக்க வேண்டாம். லிங்கேஜைக் கழற்றிவிட்டுக் கேஜைப் பாருங்க. 2 கிலோ பூஜ்யம் ஆச்சுன்னா அட்ஜஸ்ட்மென்ட். ஆகலைன்னா வால்வைப் பிரிச்சு ஸ்பூலைக் கழுவி, கோடு விழுந்திருக்கான்னு, ரிட்டர்ன் ஸ்ப்ரிங் உடைஞ்சிருக்கான்னு பாருங்க. பூஜ்யம் வந்த பிறகும் செயின்ஷூ சொன்ன டெஸ்டில் இடது வழுக்கினால்தான் ஸ்டியரிங் டிஸ்க்.

கியர் பாக்ஸ் இறக்கியே ஆகணும். பிரிக்கும்போது ஒன்றாம் கிளட்சோடு நிறுத்தாமல் எல்லா சீல் ரிங்கும் மாத்துங்க, இறக்கி ஏத்துற கூலி ரிங் விலையை விட அதிகம். ரிங் ஓடும் பள்ளத்தை நகத்தால் தடவிப் பாருங்க. படி தட்டினால் புது ரிங்கும் அதே மாதிரி கசியும். ஸ்டீல் பிளேட்டை சமதளக் கண்ணாடி மேல் வைத்து ஃபீலர் கேஜ் விட்டால் வளைவு தெரியும். நீலம் பாரிச்ச பிளேட் வேண்டாம். கூலரையும் ஹோஸையும் கழுவாமல் விட்டால் பித்தளைப் பொடி திரும்பவும் பம்புக்கே வரும்.

ஏத்துவதற்கு முன் ஒவ்வொரு கிளட்ச் துளையிலும் 5 கிலோ காற்று விடுங்க. "டக்"குன்னு பிஸ்டன் அடிக்கிற சத்தம் கேட்கணும், காற்று தொடர்ந்து சீறக்கூடாது. லேசாகக் கசிவது வழக்கம்தான், மற்ற கிளட்சோடு ஒப்பிட்டால் தெரியும். அதுவரை ஒன்றாம் கியரில் லோடு வைக்காதீங்க. தள்ளியே ஆகணும்னா இரண்டில் அரை பிளேடு.