வார் வெட்டும் கருவி: மரமா, இரும்பா?

வணக்கம் நண்பர்களே. நுவரெலியாவில் சிறிய தோல் பட்டறை வைத்திருக்கிறேன். பெல்ட், நாய்க் கழுத்துப்பட்டி, கிரகறி வாவிப் பக்கம் சவாரி விடும் குதிரைகளுக்குக் கடிவாள வார் என்று வேலை வருகிறது. இதுவரை இரும்பு அடிமட்டமும் கத்தியும்தான். நீள வாரில் அடிமட்டம் மயிரிழை நகர்ந்தாலும் போதும், பக்கிள் மாட்டும்போது கோணல் பல்லிளிக்கிறது.

அதனால் வார் வெட்டும் கருவி ஒன்று வாங்க நினைத்து, இரண்டு வகைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். மரத்தாலானதில் அளவு பொறித்த சட்டத்தை நகர்த்தித் திருகாணியை இறுக்கினால் நான்கு அங்குல அகலம் வரை வெட்டலாம். தோல் இரண்டு கட்டைகளின் இடுக்கில் புகுந்து வருவதால் மெல்லிய தோலும் மடங்காது. சவர பிளேடு போன்ற அலகு, மழுங்கினால் மாற்றிவிடலாம். விலையும் கைக்கு அடக்கம். ஆனால் இது செருப்பிலேயே பூஞ்சணம் பூக்கிற ஊர். ஈரத்தில் சட்டம் ஊதி இறுகிவிடுமா?

மற்றது கைத்துப்பாக்கி போலப் பிடியுள்ள இரும்புக் கருவி. அலகைத் தீட்டித் தீட்டிக் காலமெல்லாம் பாவிக்கலாம். மலிவானவற்றில் அலகு ஆடுகிறது என்கிறார்கள்; நல்லதை வாங்கப் பணம் சேர்க்க வேண்டும்.

நான் வெட்டுவது பெரும்பாலும் 3 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோல். பாவித்தவர்கள் சொல்லுங்கள்: இந்தத் தடிப்பை மரக்கருவி இழுபறியில்லாமல் வெட்டுமா? மாற்று அலகுகள் கண்டியிலோ கொழும்பிலோ கிடைக்குமா? இன்னொன்று, நான் இடதுகைக்காரன். இரும்புக் கருவி எனக்குச் சரிவருமா?