ஆர்32 ஜிடி-ஆர்: 400 குதிரைத்திறனுக்கு எதிலிருந்து தொடங்குவது?

வணக்கம் நண்பர்களே. ஜப்பானில் வேலை பார்க்கிறேன். பத்து வருடம் காசு சேர்த்து, போன மாதம் 1990-ஆம் வருட நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார் (ஆர்32 மாடல்) வாங்கிவிட்டேன். ஆர்பி26 இன்ஜின்: 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி). கம்பெனிக் கணக்கில் 280 குதிரைத்திறன். அதை 400-க்குக் கொண்டுபோக ஆசை.

கவலை டர்போவைப் பற்றித்தான். எக்ஸாஸ்ட் பக்கம் சுழலும் சக்கரம் பீங்கான். பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) அதிகம் கூட்டினால் சூட்டிலும் வேகத்திலும் அது தண்டிலிருந்து பிய்ந்துவிடலாம். அதனால் முதலில் உலோகச் சக்கர டர்போ, அப்புறம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரிதாக, பெட்ரோல் பம்ப், கடைசியில் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ட்யூனிங் என்று நினைத்திருக்கிறேன். இந்த வரிசை சரியா?

இன்னொன்று. 1990 வாக்கில் வந்த இந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) ஆயில் பம்ப்பைச் சுழற்றும் பிடிப்பு குட்டை. ரெவ் லிமிட்டரை (இன்ஜின் சுழற்சி வேகத்தின் உச்ச வரம்பை) அடிக்கடி தொட்டால் பம்ப் கியர் உடையலாம். ஆயில் நின்றால் இன்ஜினே போச்சு. இப்போதே இன்ஜினை இறக்கி, அந்தப் பிடிப்பை நீளமாக்கும் காலர் போட்டு, பம்ப்பையும் மாற்றிவிடலாமா? இல்லை, 400 வரை இப்படியே ஓட்டலாமா?

ஆர்பி26 இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஷாக்கென் (ஜப்பானில் வண்டிகளுக்கான கட்டாயத் தகுதிச் சோதனை) சோதனையில் வண்டி தேறவும் வேண்டும்.